கடைசிக் கேள்விக்கு விடை அலாய்ஸ்

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் பாரில் வினாடி வினா. கேள்வி கேட்பது நான். பேஸ்பாலைத் தவிர வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் இந்த ஓடிலியா ஊர்க்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். அதிலும் பந்து எறிகிற பிட்சர்களின் சாதனைகளைப் பற்றிக் கேட்டால்தான் தட்டிலிருந்து முகத்தை நிமிர்த்துவார்கள். ஒரு குளிர்காலத்தில், மாற்றிப் பார்க்கலாமே என்று ஜனாதிபதிகளைப் பற்றிக் கேள்விகள் தயாரித்து வந்தேன். "என்ன லோரீன், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அத்தனையையும் அடுப்பில் போட்டேன்.

பெரிய அணிகளில் அதிக ஆட்டம் ஜெயித்த பிட்சர் யார்? சை யங். இது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அதிக ஆட்டம் தோற்ற பிட்சர் யார்? வெளியூர்க்காரன் இங்கேதான் மாட்டுவான், ஏனென்றால் அதுவும் அதே சை யங்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் பாஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும் ஓர் ஆட்டம். அணிக்கு மூன்று பேர் அவுட் ஆகும்வரை இரண்டு பக்கமும் ஒருமுறை மட்டை பிடிப்பது ஓர் இன்னிங்ஸ்; ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது இருபத்தாறு இன்னிங்ஸ் போயிற்று. இரண்டு பக்கமும் தொடங்கிய பிட்சரே கடைசிவரை எறிந்தார். இருட்டிவிட்டதால் யாரும் ஜெயிக்காமலே வீட்டுக்குப் போனார்கள். இதை நான் முதல்முறை சொன்னபோது பார் முழுக்க ஆஹா, ஓஹோ. மூலை ஸ்டூலிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது: "மறுநாள் காலைல அவங்க ரெண்டு பேரும் எப்படித் தலை சீவினாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டவர் அலாய்ஸ் ராடமாக்கர். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் கேள்வி மட்டும் எந்த வாரமும் மாறாது. என் மாமனார் பார் நடத்திய காலத்திலிருந்தே அப்படித்தான். எங்கள் வட்டார லீக்கில், ஒரே ஆட்டத்தில், எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் அதிக இன்னிங்ஸ் எறிந்தவர் யார்? ஹிட் என்றால், மட்டைக்காரன் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்துக்காவது ஓடிச் சேர்வது. பதினான்கு இன்னிங்ஸ் அப்படி ஒருவனைக்கூடச் சேரவிடாமல் எறிவது சாதாரணக் காரியமில்லை. நான் கேள்வியை முடிப்பதற்குள் "அலாய்ஸ்!" என்று கூரை அதிரும். மூலை ஸ்டூலில் இருப்பவர் பீர்க் கிளாஸை இடக்கையால் உயர்த்திக் காட்ட வேண்டும். காட்டுவார். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாகக் காட்டுகிறார். அவர் வராத புதன்கிழமையில் யாராவது வீட்டுக்கே போய் அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அதை எறிந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. நான் பள்ளிக்கூடப் பெண், மைதானத்தில் பாப்கார்ன் விற்றுக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு பெரிய அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பொறுக்குகிற ஆள் அவரைப் பார்க்க மின்னியாபோலிஸிலிருந்து வருவதாக இருந்தது. வந்தார். அலாய்ஸ் சில பந்துகள் எறிந்தார். கடைசியாக எறிந்தது பாதி வழியிலேயே புல்லில் விழுந்தது. வந்தவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு பொட்டலம் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் அலாய்ஸ் எந்த ஆட்டத்திலும் எறியவில்லை. எங்கள் ஊர் அந்த இரண்டாவது ஞாயிறைச் சுத்தமாக மறந்துவிட்டு, முதல் ஞாயிறைப் பலகையில் எழுதி நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டுவிட்டது. 'ஓடிலியா: பதினான்கு இன்னிங்ஸ் அலாய்ஸின் ஊர்.' பெயிண்ட் மங்கினால் சர்ச் இளைஞர் சங்கத்தார் வந்து புதுசாக அடித்துவிட்டுப் போவார்கள்.

அலாய்ஸ் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. அந்த வருஷமே டுலூத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். துறைமுக வேலை ஒத்துவரவில்லை என்றார், ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. முதல் பனி விழுவதற்குள் திரும்பிவிட்டார். திரும்பிய அன்றே வெண்ணெய் ஆலை மேனேஜர் வீடு தேடி வந்து, பால் லாரி எடைபோடும் அறையில் வேலை போட்டுக் கொடுத்தார். "உனக்கில்லாத வேலையாடா!" என்றார். யாரோ சும்மா கிடந்த வீட்டை வாடகைக்கு விட்டார், பிறகு அதையே அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். குடித்துவிட்டு வண்டியைப் பள்ளத்தில் விட்டால் போலீஸ்காரரே வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அலாய்ஸின் மனைவி மார்டெல்லிடம் "சூடா ஏதாவது குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு இந்த ஊரில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் அவருடைய கஷ்டம். குறை இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

மார்டெல்லுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மகள் தெற்கே, பாலைவன ஊரான ட்யூசனில் குடியேறி, இரண்டு பிள்ளை பெற்று, "வெயில்ல வந்து இருங்க, பனியில என்ன பண்றீங்க?" என்று வருஷா வருஷம் கூப்பிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தடவை வீட்டை விற்பதாகப் பலகைகூட மாட்டினார்கள். அந்த வாரம் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில் இடமில்லை. ஆளாளுக்கு ஒரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்து வைத்து, மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், வேர் விட்ட இடத்தில் நிலைத்திருப்பதைப் பற்றிப் பேசினார். திங்கட்கிழமை அலாய்ஸ் பலகையைக் கழற்றிவிட்டார்.

"நான் மனுஷனைக் கட்டிக்கல லோரீன். ஊர்க் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கிட்டேன். புடுங்கி எடுத்துட்டா போக முடியும்?" என்றாள் மார்டெல்.

போன வசந்தத்தில்தான் அலாய்ஸ் முதல்முறையாக என்னிடம் வாயைத் திறந்தார். எங்கள் அணிக்கு இப்போது எறிபவன் கர்ட் வெங்கர். முப்பத்து நாலு வயசு, பால்மாடு வைத்துப் பிழைக்கிறவன். அவனும் அவன் மனைவி ஹெய்டியும்தான் மொத்தப் பண்ணைக்கும் ஆள். காலையிலும் மாலையிலும் கறந்துவிட்டு, நடுவில் கிடைக்கிற ஞாயிறு மதியத்தில் வந்து எறிவான். அந்த மே மாதம் அவன் எறிந்த எறியைப் பார்த்து ஊருக்கே மயக்கம்.

நண்பகல், பாரில் வேறு யாருமில்லை. அலாய்ஸ் கிளாஸை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "இந்தப் பய என் ரெக்கார்டை முறியடிச்சுடுவான் போலிருக்கு."

"அட, பயப்படாதீங்க. பதினாலு இன்னிங்ஸ் எவன் எறியப் போறான்?"

"பயமா? முறியடிக்கட்டும்னு தினம் ஜெபம் பண்றேன். அவன் மட்டும் முறியடிச்சா, அன்னிக்கு ஊருக்கே நான் பீர் வாங்கித் தரேன். மறுநாள் வீட்டை வித்துட்டு மார்டெல்லைக் கூட்டிட்டு ட்யூசன் போயிடுவேன். அப்புறம் பலகையில அவன் பேரை எழுதிக்கட்டும். நீயும் புதன்கிழமை அவன் பேரைச் சொல்லிக்கோ."

நான் சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"நாப்பது வருஷமா நான் ஒரே ஞாயித்துக்கிழமைக்குள்ள உக்கார்ந்திருக்கேன் லோரீன். எனக்கு திங்கக்கிழமை வரவேயில்ல," என்றார்.

அந்தத் திங்கட்கிழமை ஜூலை கடைசியில் வந்துவிடும் போலத்தான் இருந்தது. வெஸ்ட் கில்மன் அணி எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. எங்கள் மைதானத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் கொல்லை, இந்தப் பக்கம் எங்கள் அணி உட்காரும் பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் கம்பி வலை, வலைக்குப் பின்னால் என் சாசேஜ் கடை. கடைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு அலாய்ஸ் உட்காருவார். அவருக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் மரப்படிகளில் நெருக்கியடித்து உட்காரப் பிடிக்காது, முதுகில் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஐந்து இன்னிங்ஸ் ஆயிற்று, வெஸ்ட் கில்மனுக்கு ஒரு ஹிட் இல்லை. ஆறு ஆயிற்று, இல்லை. அப்புறம் எங்கள் மைதானத்தில் பேச்சு நின்றுவிட்டது. பேஸ்பாலில் இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் ஓடிலியாவில் ஜெபத்தைவிடக் கறார். ஒரு பிட்சர் ஹிட் கொடுக்காமல் எறிந்துகொண்டிருக்கும்போது அந்த விஷயத்தை யாரும் வாயால் சொல்லக்கூடாது. அவனிடம் பேசக்கூடாது, அவன் பக்கத்தில் உட்காரக்கூடாது, அவன் முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாது. சொன்னால் அந்த நொடியே அதிர்ஷ்டம் போய்விடும், சொன்னவன் ஆயுசுக்கும் ஊரில் தலைகாட்ட முடியாது. பார்க்கிறவர்களுக்கும் சட்டம் உண்டு. யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். ஃபாதர் கால்மேல் கால் போட்டவர் இறக்கவில்லை. என் வீட்டுக்காரர் கோர்டி ஆறாவது இன்னிங்ஸில் கழிப்பறைக்குப் போக எழுந்து வேலியோரம் நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. எட்டாவது இன்னிங்ஸில் அவர் நெற்றியில் வேர்வையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒன்பது முடிந்தது. இரண்டு பக்கமும் பூஜ்யம். எங்கள் பையன்களும் அடிக்கிறபாடில்லை. ஆட்டம் நீண்டது. பத்து, பதினொன்று. கர்ட் எறிந்துவிட்டு வருவான், பெஞ்சின் கடைசி முனையில் உட்காருவான். மற்றவர்கள் எல்லோரும் இந்த முனையில் ஆட்டுமந்தை மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவே பெஞ்சு காலியாகக் கிடக்கும். அணி மேனேஜர் டெல்மர் கோபெல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அலாய்ஸ் எறிந்த அந்தக் காலத்தில் எதிரே உட்கார்ந்து பந்து பிடித்தவர் இந்த டெல்மர்தான்.

பதினொன்று முடிந்தபோது அலாய்ஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. "லோரீன், பீருக்குச் சொல்லி வச்சுடு," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார். "ஷ்ஷ்!" என்றேன். பன்னிரண்டாவது இன்னிங்ஸ் கர்ட் எறிந்து முடித்தான். அலாய்ஸின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில் அந்த முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது. நான் சாசேஜைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் கர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முன்பு பார்த்த பார்வை இல்லை. மூன்று பேரையும் அவுட்டாக்கிவிட்டுக் கர்ட் பெஞ்சுக்கு வந்தான். உட்கார்ந்தான். வலது கையின் கடைசி இரண்டு விரலையும் உதறினான். தொடையில் தேய்த்தான். பிறகு தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

"லோரீன்," என்றார் அலாய்ஸ். "அவன் எந்தக் கையால குடிக்கிறான் பாரு."

"இடது கையால. ஏன்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் இடக்கையில் காப்பிக் கோப்பை இருந்தது. வலக்கை மடியில் கிடந்தது. புதன்கிழமை தவறாமல் இடக்கையால் உயரும் கிளாஸ், வருஷா வருஷம் முதல் ஆட்டத்தன்று மைதானத்தின் நடுவில் நிறுத்திக் கையாட்டச் சொல்லும்போது இடக்கையால் ஆட்டுவது, எல்லாம் எனக்கு ஒரே நொடியில் புரிந்தது. வலக்கையால் எறிந்து பெயர் வாங்கிய மனுஷன். அவர் ஏதோ ஸ்டைலுக்குச் செய்கிறார் என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாசேஜ் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு அன்னிக்குப் பன்னெண்டாவது இன்னிங்ஸ்லயே போயிடுச்சு," என்றார், மெதுவாக. "உள்ள ஏதோ கயிறு அறுந்த மாதிரி. பெஞ்சுல அந்த முனையிலதான் உக்கார்ந்திருந்தேன். யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், திரும்பி என்னடான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒருத்தனும் திரும்பல. நானா வாயைத் திறந்தா நான்தான் கெடுத்தவன் ஆவேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்து போய் எறிஞ்சேன். அடுத்த ஞாயிறு அந்த மின்னியாபோலிஸ் ஆள் வரப் போறார்னும் தெரியும், எறிஞ்சேன்."

"அலாய்ஸ்..."

"அவனுக்கு இன்னும் ஒண்ணு எறிஞ்சா சமம். ரெண்டு எறிஞ்சா நான் விடுதலை." காப்பிக் கோப்பையை என் கடைப் பலகையில் வைத்தார். "நாளைக்குக் காலைல அவன் மாட்டைக் கறக்கணும்."

எழுந்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன், மறைக்க மாட்டேன். "போகாதீங்க. பொறாமைல வந்துட்டான்னு சொல்லுவாங்க. ரெக்கார்டைக் காப்பாத்திக்க வந்தான்னு சொல்லுவாங்க. ஊரே உங்களைக் கிழிச்சுடும்," என்றேன்.

"தெரியும்," என்றார். கம்பி வலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

மரப்படிகளில் இருந்த அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அலாய்ஸ் காலியாகக் கிடந்த பெஞ்சு வழியாக நடந்துபோய், கர்ட்டுக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்தார். கர்ட் நெருப்பைப் பார்த்தவன்போல விலகினான்.

"கை வலிக்குதா?" என்றார் அலாய்ஸ்.

கர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெல்மர் திரும்பிவிட்டார், முகமெல்லாம் சிவப்பு. "டேய் அலாய்ஸ்! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எழுந்து வெளிய போடா!"

"கர்ட், உன்னைத்தான் கேட்கறேன். அந்த ரெண்டு விரல்லயும் உணர்ச்சி இருக்கா?"

"ஏன்டா, உன் பேரு பலகையில இருக்கறது பத்தலையா? இன்னொருத்தன் வந்தா உனக்குப் பொறுக்காதா?" என்று கத்தினார் டெல்மர்.

அலாய்ஸ் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அன்னிக்கு எதிரே உக்கார்ந்து பிடிச்சவன் நீ. பன்னெண்டுக்கு அப்புறம் என் பந்துல வேகமே இல்லைன்னு உன் கையுறைக்குத் தெரிஞ்சிருக்கும்ல டெல்மர்? கேட்டியாடா நீ?"

டெல்மர் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மைதானத்தின் அந்தப் பக்கம் எங்கள் பையன் ஒருவன் மட்டை வீசி அவுட் ஆனான். அதை யாரும் பார்க்கவில்லை.

"தெரியல அலாய்ஸ்," என்றான் கர்ட், குரல் உடைந்து. "பதினொண்ணுலேர்ந்து ரெண்டு விரலும் என்னோடதே இல்ல. பந்து எங்க போகுதுன்னு எனக்கே தெரியல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு, யாரையும் பார்க்காமல், "கர்ட், நீ உக்காரு," என்றார். வேறொரு பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அந்தப் பையன் பதினான்காவது இன்னிங்ஸில் முதல் பந்தை எறிந்தான், வெஸ்ட் கில்மன்காரன் அதை வேலியைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைக்குள் அடித்தான். எங்கள் பையன்கள் பதிலுக்கு ஒன்றும் அடிக்கவில்லை, ஆட்டம் போயிற்று. பந்து கொல்லையில் விழுந்த நொடியே கோர்டி கழிப்பறைக்கு ஓடியிருந்தார். மற்றவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் என்ன பேச்சு நடந்தது என்பது என் கடைவரை கேட்டதே தவிர மரப்படிகள்வரை கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது ஒன்றுதான்: பழைய சாதனைக்காரன் எழுந்து போய், புது சாதனைக்காரனிடம் பேசி, அவன் அதிர்ஷ்டத்தைக் கெடுத்துவிட்டான். டெல்மர் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் கையுறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். மனுஷன் லாரியில் ஏறிக் கிளம்பிவிட்டார். பெஞ்சில் இருந்த பையன்கள் அவரை மீறிப் பேசவில்லை, கர்ட்டை ஹெய்டி அப்போதே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னேன், கேட்டவர்களிடமெல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். "நீ அவன் ஃபிரெண்டு, அப்படித்தான் சொல்லுவே," என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் நெடுஞ்சாலைப் பலகை முழுக்க முட்டை வழிந்துகொண்டிருந்தது. மார்டெல் ஃபோன் செய்தாள். "கழுவ வேண்டாம்னு சொன்னேன் லோரீன். காஞ்சு நாறட்டும், அவங்களே புடுங்கி எறிவாங்க, நமக்கு நல்லதுதான்னு சொன்னேன். கேட்கல. வாளியைத் தூக்கிட்டு, அந்த ஒத்தைக் கையால போய்த் தேய்ச்சுட்டு வந்திருக்கார்."

"இப்பவாவது ட்யூசனுக்குக் கிளம்புங்களேன்டி."

"அதையும் கேட்டேன். இப்ப போனா, கெடுத்துட்டு ஓடிப்போயிட்டான்னு சொல்லுவாங்களாம். அப்பெல்லாம் பாசத்துல விடல, இப்ப கோவத்துல விட மாட்டேங்கறாங்க," என்றாள். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், அன்று சிரிக்கவில்லை.

புதன்கிழமை வந்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன், வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். சரியான நேரத்துக்கு வந்து மூலை ஸ்டூலில் உட்கார்ந்தார். பார் நிறைந்திருந்தது, நிற்க இடமில்லை. ஆனால் அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு ஸ்டூல் காலி, அந்தப் பக்கம் இரண்டு ஸ்டூல் காலி. யாரும் பேசவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஹிட் கொடுக்காத பிட்சரை எப்படி ஒதுக்கிவைப்பார்களோ அப்படியே ஒதுக்கிவைத்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருவனுடைய உருளைக்கிழங்கு வறுவலில் உப்பைக் கொட்டினேன்.

கேள்விகள் கேட்டேன். ஐம்பத்தொன்பதாம் வருஷம் பன்னிரண்டு இன்னிங்ஸ் ஒருவனைக்கூட ஓடவிடாமல் எறிந்து, பதின்மூன்றாவதில் தோற்ற பிட்சர் யார்? "ஹார்வி ஹாடிக்ஸ்," என்று எங்கோ ஒரு குரல் உற்சாகமில்லாமல் சொன்னது. டெல்மர் ஜன்னலோர மேஜையில் தன் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்விக்கு வந்தேன். இன்றைக்கு அதை விட்டுவிடலாம் என்று அட்டையைக் கவிழ்த்தேன்.

"கேளு லோரீன்," என்றார் அலாய்ஸ். "எப்பவும் கேட்கறதுதானே."

கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நம் வட்டார லீக்கில், ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல், ஒரே ஆட்டத்தில் அதிக இன்னிங்ஸ் எறிந்தவர் யார்?

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். விடை தெரியாத ஆள் அந்தக் கூரைக்குக் கீழே ஒருவரும் இல்லை. நான் கோர்டியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு அவர் பிறகு என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

"அலாய்ஸ் ராடமாக்கர்," என்றார் அலாய்ஸ். தன் பெயரைத் தானே, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இடக்கையால் கிளாஸை உயர்த்தினார். வழக்கமான உயரத்துக்கு உயர்த்தி, வழக்கம்போல ஒரு நொடி பிடித்து, இறக்கி வைத்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. கர்ட் வந்தான். கூடவே கொட்டில் வாசனையும் வந்தது. வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். எல்லோரும் வழிவிட்டார்கள், முதுகில் தட்ட இரண்டு மூன்று கைகள் நீண்டன. "உக்காருப்பா, இங்க உக்காரு," என்று நடு மேஜையிலிருந்து நாற்காலி நகர்ந்தது. அவன் நேராக மூலைக்குப் போய், அலாய்ஸுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"டாக்டர் பார்த்தார்," என்றான். பேசும்போது மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தவில்லை. "ஒரு மாசம் போனா மாட்டுக்குக் கறவை மெஷின் மாட்டலாம்ங்கறார். அதுவரைக்கும் ஹெய்டி தலையில கட்டியிருக்கேன். இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் எறிஞ்சிருந்தா மாட்டை விக்க வேண்டியதுதான்னு சொன்னார்."

அலாய்ஸ் தலையசைத்தார். நான் கர்ட்டுக்கு ஒரு பீர் ஊற்றி வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. ஸ்டூலைத் திருப்பிக்கொண்டு, அலாய்ஸின் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தான்.

"உங்க கை எப்படி இருக்கு?" என்றான்.

இந்த ஊரில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆலை மேனேஜர் கேட்கவில்லை, ஃபாதர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. அலாய்ஸ் இடக்கையால் அந்த வலக்கையைத் தூக்கி பார் பலகைமேல் வைத்தார். ஜன்னலோரத்தில் டெல்மர் தலையை நிமிர்த்தினார்.

"வலிக்குதுப்பா," என்றார் அலாய்ஸ். "ரொம்ப வலிக்குது."